வண்டியை நிறுத்தியது யார்?

1

கார் காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவம் போன வாரம் வந்தது. நாங்கள் அயர்லாந்துக்குக் குடிவந்து பன்னிரண்டு வருடம் முடிந்த அதே நாளில் வந்ததால், என் மனைவி ரெஜினா கேக் வாங்கி வைத்திருந்த மேசையிலேயே அதைப் பிரித்தேன். பெயர், முகவரி, வேலை எல்லாம் மளமளவென்று எழுதினேன். ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ‘கடந்த ஓராண்டில் உங்களைத் தவிர வேறு யாராவது இந்த வாகனத்தை ஓட்டினார்களா?’

மற்றவர்களுக்கு இது டிக் அடித்துவிட்டுப் போகிற கேள்வி. எனக்கு அப்படி இல்லை. போன வருடம் இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் உண்மையைப் பதிலாக எழுதப்போய், ஏழு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. சேவியர் அத்தான் தன் பங்குக்கு அந்தக் கதையைத் தூத்துக்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. அவர் சொல்வதில் அவர்தான் கதாநாயகன். ஆகவே நானும் ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

2

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், நிறுத்தத் தெரியாது. தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் போகிற ரோட்டில் கார் பழகியவன் நான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. அங்கே வண்டியை விட்டுவிட்டு இறங்கினால் அதுதான் பார்க்கிங். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு காரைப் பின்பக்கமாகச் செருகும் தேவை எனக்கு முப்பத்து நாலு வயது வரை வரவில்லை.

இங்கே எனக்கு வேலை, வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது. குளிக்க வைக்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், ஒருவருக்கு முப்பது நிமிடம், ஒரு நாளைக்கு எட்டு வீடு. வீடுகள் எல்லாம் குறுகிய தெருக்களில். வாசலில் இடம் இருக்கும், எனக்கு அதில் நிறுத்த வராது. இரண்டு தெரு தள்ளிக் மாதா கோவில் மைதானத்தில் போட்டுவிட்டு மழையில் ஓடுவேன். டாம் என்றொரு பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் முயற்சி செய்வதைத் தினமும் பார்ப்பார். ஒருநாள், “ரூபன், நீ எனக்காக வருகிறாயா, இல்லை அந்த இடத்துக்காகவா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் தானாக நிறுத்திக்கொள்கிற கார் வாங்கினோம். பழைய வண்டிதான், ஆனால் அந்த வசதி இருந்தது. இடத்தின் அருகே மெதுவாகப் போனால் அதுவே அளந்து பார்க்கும். ‘இடம் உள்ளது’ என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையைக் காலை எடுத்துவிட வேண்டும். ஸ்டியரிங் தானாகச் சுற்றும், வண்டி தானாகப் பின்னால் போகும். பொத்தானை விட்டால் நின்றுவிடும். பின்னால் ஆளோ பூனையோ வந்தாலும் நின்றுவிடும். விலகினால் மறுபடி நகரும்.

முதல் தடவை அந்த ஸ்டியரிங் சுற்றியபோது கையை நீட்டிப் பிடிக்கப் போனேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. டாம் மட்டும் வருத்தப்பட்டார். அவருடைய காலை வேடிக்கை போய்விட்டது.

3

சேவியர் அத்தான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறித்து, எது கிழிந்தது, எது நனைந்தது என்று எழுதி வைக்கிற வேலை. பிள்ளைகள் கிடையாது. அக்கா இறந்து இரண்டு வருடமாகியும் அவர் இரண்டு பேருக்கு உலை வைக்கிறார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. ரெஜினாதான், “அண்ணன இங்கன கூப்பிடுங்க, மூணு மாசம் இருந்துட்டுப் போட்டும்” என்றாள்.

விமான நிலையத்திலிருந்து வந்ததும் வீட்டு வாசலில் பொத்தானை அழுத்தினேன். ஸ்டியரிங் சுற்றியது. பக்கத்து இருக்கையில் இருந்த அத்தான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“சேசுவே! என்னலே இது, பேய் புடிச்ச மாதிரி சுத்துது?”

“அதுவே நிறுத்திக்கிடும் அத்தான்.”

“பொறத்தால யாரு பாக்கா?”

“யாரும் பாக்க வேண்டாம். அதுவே பாத்துக்கிடும்.”

“யாரும் பாக்காம எப்படிலே?” என்று கதவைத் திறந்தார். கதவு திறந்ததும் கார் நின்றுவிட்டது. அவர் இறங்கிப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் ஒரு கார் பின்பக்கமாக வந்தால் போகிற வருகிறவர் சும்மா போக முடியுமா? டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு ஒருவர் வருவார், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஒருவர் வருவார். “வரட்டும் வரட்டும், ஒடி ஒடி, நேரா வா” என்று நாலு கைகள் ஆடும். ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்வதுதான் ‘ஒடி’. அந்த நாலு பேரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. அவர் வாழ்நாளில் ஓட்டியது ஒரு மொபெட்.

தருவைகுளத்தில் நண்பன் கல்யாணத்துக்குப் போனபோது இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் ஒடிக்கச் சொல்லி, எங்கள் வேன் கோவில் வாசலுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. மணப்பெண் காரை விட்டு இறங்கி நடந்து வர வேண்டியதாயிற்று. எட்டுப் பேர் சேர்ந்து வேனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். யார் அப்படி நிறுத்தியது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, அத்தான் பின்னால் நின்றார். இடுப்பில் சாரம் என்கிற லுங்கி, மேலே ரெஜினாவின் மழைக்கோட்டு. கையை உயர்த்தி, “நில்லு!” என்றார். கார் நின்றது. அவர் பின்னால் நிற்கிறார், அதனால் நின்றது. அத்தான் அப்படி நினைக்கவில்லை. இரண்டடி விலகி, “வா” என்றார். வந்தது. மறுபடி குறுக்கே வந்து, “நில்லு!” என்றார். நின்றது.

“பாத்தியாலே! நான் சொன்னா கேக்குது!”

உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல், பின்னால் தடை இருக்கிறது என்றது.

“பொம்பளப் பிள்ளயா?” என்றார் அத்தான். அன்றிலிருந்து எங்கள் கார், ஊரில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவது போல, ‘ஏளா’ ஆகிவிட்டது. “ஏளா, மெதுவா! ஏளா, சொல்லுதேன்லா, நில்லு!” நான் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். எட்டு வினாடியில் முடிகிற காரியம் ஆறு நிமிடம் ஆயிற்று. விளக்கிப் பார்த்தேன். “சென்சார் இருக்கு அத்தான், ஆள் நின்னா அதுக்குத் தெரியும்.” அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், “அதத்தான நானும் சொல்லுதேன். ஆளப் பாத்தா மதிக்குது.”

வந்த ஒரு மாதத்தில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த ஆறு நிமிடங்களில்தான். நான் அதற்குப் பிறகு விளக்கவில்லை.

என் மகள் மெர்லினுக்குப் பதினைந்து வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் தோளைக் குலுக்கி முடித்துவிடுவாள். அத்தான் சாரத்தோடு தெருவில் நின்று சத்தம் போடத் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூடத்திலிருந்து பின்வழியாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தாள்.

4

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மெர்லினைப் பல் மருத்துவரிடமிருந்து அழைத்து வந்தேன். அத்தானும் கூட வந்திருந்தார். வாசலில் இருவரையும் இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். மெர்லின் கார் பின்னால் நடைபாதை ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார் அவளைப் பார்த்து நின்றுவிட்டது. அத்தான் பக்கவாட்டில் நின்று எனக்குக் கை காட்டினார்.

“ரூபன், ரைட்ல ஒடி! ஒடி, ஒடி, ஒடி!”

மெர்லின் தலையைத் தூக்கினாள். அடுத்த நொடி எடுத்தாள் ஓட்டம். பிள்ளை ஏன் ஓடுகிறாள் என்று நான் அவளையே பார்த்தேன். விரல் பொத்தானிலேயே இருந்துவிட்டது. தடை விலகியதும் கார் சந்தோஷமாகப் பின்னால் போனது.

பக்கத்து வீட்டு மௌரீன், எங்கள் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டிய தன் வாசல் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி தொங்கவிட ஒரு கம்பம் நட்டிருந்தார். விரல் தடிமன்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய கம்பி காரின் கணக்கில் இல்லை போலும். கம்பம் சாய்ந்தது. பக்கத்தில் அவர் தக்காளி வளர்க்கிற கண்ணாடிக் கூண்டின் மேல் விழுந்தது. சத்தம் கேட்டபிறகு பிரேக்கை மிதித்தேன்.

அத்தான் காரைப் பார்த்துக் கேட்டார், “ஏளா, ஒனக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?”

5

மௌரீன் நல்ல மனுஷி. வெளியே வந்தவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, யாருக்காவது அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிவிடு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

படிவம் வந்தது. ‘சம்பவத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் யார்?’ ஒரு பெயர் எழுதுகிற அளவுக்குக் கட்டம்.

நான் யோசித்தேன். என் கை ஸ்டியரிங்கில் இல்லை. கால் எதிலும் இல்லை. அத்தான் என்னிடமும் காரிடமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தானிடம் கேட்டேன்.

“பாத்தத பாத்தபடி எழுதணும்லே. தாளுல பொய் எழுதுனா, கப்பல் போயிரும், பொய் நிக்கும்.”

ஆகவே தனித்தாள் இணைத்து எழுதினேன். வாகனத்தை வாகனமே ஓட்டியது. பொத்தானில் என் விரல் இருந்தது. வழிகாட்டியவர் என் அத்தான். அத்தானும் சாட்சி என்ற முறையில் தமிழில் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார், துறைமுக பாணியில்.

‘4.10. வண்டி பின்பக்கமாக வந்தது. 4.11. நில் என்றேன், நின்றது. 4.12. வா என்றேன், வந்தது. 4.13. மருமகள் ஓடினாள். அதன்பின் வண்டி சொல் கேட்கவில்லை. சேதம்: கம்பம் ஒன்று வளைவு. கண்ணாடி நான்கு உடைவு. தக்காளி பதினொன்று, அதில் பழுத்தது மூன்று.’

இதை ஆங்கிலமாக்கும் பொறுப்பை மெர்லினிடம் கொடுத்தோம். அவள் போனைத் தாளின் மேல் காட்டினாள். போன் மொழிபெயர்த்தது. அதை யாரும் வாசித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டோம்.

பத்து நாளில் பதில் வந்தது. ரெஜினா நின்றபடியே வாசித்தாள். உரிமம் இல்லாத ஒரு விருந்தாளி வாகனத்தைக் கட்டுப்படுத்தியிருக்கலாம் என்று தெரியவருகிறது. அது உறுதியானால் காப்பீடு ரத்தாகும். மேலும், சம்பவ இடத்திலிருந்து தப்பி ஓடிய மருமகளின் பெயரும் முகவரியும் தேவை.

“எந்த மருமக?” என்றேன்.

“ஒங்க மவதான்! அண்ணனுக்கு மெர்லின் மருமகதான முறை? போன் அத மகனோட பொண்டாட்டின்னு எழுதிருக்கு!” ரெஜினா காகிதத்தை மேசையில் போட்டாள். “‘நான்’னு ரெண்டு எழுத்து எழுதுனா முடிஞ்சிருக்கும். யாரு கேட்டா ஒங்ககிட்ட இவ்வளவு உண்மைய?”

காப்பீட்டை ஒரு நிறுவனம் ரத்து செய்தால் மற்றவர்களும் யோசிப்பார்கள். காப்பீடு இல்லாமல் காரை எடுக்க முடியாது. கார் இல்லாமல் என் வேலை இல்லை. எட்டு வீடுகளுக்கும் பஸ் கிடையாது. அன்று டாமுக்குச் சவரம் செய்யும்போது ஒரே கன்னத்தை இரண்டு தடவை வழித்துவிட்டேன். அவர் ரேசரை வாங்கித் தானே செய்துகொண்டார்.

அத்தான் அன்றிலிருந்து வாசலுக்கு வரவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பது தெரியும். கார் எட்டு வினாடியில் தன்னை நிறுத்திக்கொள்ளும். ஒருநாள் சாப்பிடும்போது, “டிக்கெட்ட மாத்திக் குடுத்துருலே, நான் போறேன். என்னாலதான ஒனக்கு வம்பு” என்றார். ரெஜினா அவர் தட்டில் மீனை வைத்து, “பேசாம சாப்பிடுங்கண்ணே” என்றாள். மெர்லின் பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

6

விசாரணை வீடியோ அழைப்பில் நடந்தது. திரையில் தாடி வைத்த ஓர் இளைஞர். இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு. அத்தான் பேன்ட் சட்டை போட்டு, தலை வாரி, சட்டைப் பையில் இரண்டு பேனா சொருகியிருந்தார். மொழிபெயர்க்க மெர்லின். போன் வேண்டாம் என்று ரெஜினா சொல்லிவிட்டாள்.

முதல் கேள்வி, மருமகள் எங்கே?

“நான்தான்” என்றாள் மெர்லின்.

இளைஞர் தன் தாள்களைப் பார்த்தார். “நீ இவருடைய மகனின் மனைவியா?”

“இல்லை. இவருக்கு மகனே இல்லை.”

“மகன் இல்லாதவருக்கு மருமகள் எப்படி?”

முறைப்படி அப்படித்தான் என்று ரெஜினா விளக்கத் தொடங்கினாள். அத்தைமகன், மாமன்மகள் என்று ஆரம்பித்து, இளைஞரின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். “உறவுக்காரப் பெண்” என்று அவர் எழுதிக்கொண்டார்.

“சரி. அந்த நேரத்தில் இந்தப் பெரியவர் என்ன சொன்னார்? சரியான சொல் வேண்டும்.”

மெர்லின் அத்தானிடம் திரும்பினாள். “மாமா, நீங்க என்ன சொன்னீங்க?” அவள் அவரிடம் நேராக ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

“ஒடின்னேன். ஒடி, ஒடி, ஒடி. மூணு தரம்.”

“ஓடு என்று சொன்னாரா?” இளைஞர் கேட்டார். என் தனித்தாளில் நான் அப்படி ஊகமாக எழுதியிருந்தேன், பிள்ளை அதைத் தவறாகக் கேட்டுத்தான் ஓடியிருப்பாள் என்று. மெர்லின் அதைத் தமிழில் சொன்னதும் அத்தான் பதறிவிட்டார்.

“ஏளா, ஓடுன்னு சொல்லல! பிள்ளய ஓடச் சொல்லுவனா? ஒடி! ஒடி!” இரண்டு கைகளாலும் எதையோ முறித்துக் காட்டினார்.

மெர்லின் கொஞ்சம் யோசித்தாள். ரெஜினா முருங்கைக்காய் ஒடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். திரையைப் பார்த்துச் சொன்னாள், “பிரேக்.”

இளைஞரின் முகம் தெளிந்தது. வேகமாகத் தட்டச்சு செய்தார். “அவர் பிரேக் என்று கத்தினார். மூன்று முறை.”

முறிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதுதான், நிறுத்துவதற்கும் அதுதான். எனக்குப் புரிந்துவிட்டது. ரெஜினாவுக்கும் புரிந்துவிட்டது, என் தொடையில் அவள் நகம் இறங்கியதிலிருந்து தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். நகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“அவர் பிரேக் என்று கத்தியபிறகு நீங்கள் பிரேக் போட்டீர்களா?”

“போட்டேன்” என்றேன். “கொஞ்சம் தாமதமாக.”

அதில் பொய் எதுவும் இல்லை.

7

கடிதம் வர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரே ஓட்டுநர், உதவி வசதி இயங்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் என்று இருந்தது. ஆகவே ஓட்டியது நான். வெளியே நின்றவர் தக்க நேரத்தில் எச்சரித்திருக்கிறார், தவறு அவருடையதல்ல. காப்பீடு தொடரும், மௌரீனுக்குப் புதுக் கண்ணாடி வரும். என் விரிவான பதில்களுக்கு நன்றி சொல்லி, இனிமேல் கட்டத்துக்குள் எழுதினால் போதும் என்று முடித்திருந்தார்கள்.

அத்தான் தன்னைப் பற்றிய வரியை மட்டும் நான்கு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு நகல் எடுத்துத் தரச் சொல்லித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கண்ணாடி வந்தது. பொருத்துகிறேன் என்று அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மௌரீன் தோட்டத்துக்குப் போனார். அவர் தமிழிலும் மௌரீன் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டு இருவரும் ஒரு கண்ணாடியைத் தவறான பக்கம் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மெர்லின் வந்து துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நாங்கள் கேட்காமலே அவள் துடைக்க வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“அப்பா,” என்றாள். “எனக்கு ஒடின்னா என்னன்னு தெரியும்.”

“முருங்கக்காயா?”

“இல்ல. வண்டிக்கு ஒடி. மாமா தினமும் சொல்றாங்களே. எனக்குத் தெரியும்.”

நான் குழாயை மூடினேன்.

“நான் ஓடுன்னு கேக்கல. ஸ்கூல் பஸ் வந்துச்சு. என் கிளாஸ் கிளாரா இறங்கினா. மாமா சாரத்தோட கத்திட்டு இருந்தாங்க. அவ என்னை அங்க பாத்திரக் கூடாதுன்னு ஓடினேன்.” ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். “அந்த இன்சூரன்ஸ் ஆள்ட்ட சொல்லணுமா?”

ஏழு வாரம், மூன்று தாள், ஒரு விசாரணை. நடந்ததற்கான காரணத்தை அதில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது.

“அவருக்கு வேண்டாம்” என்றேன்.

“மாமாட்ட?”

“அது உன் இஷ்டம்.”

அவள் தட்டை வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அத்தான் ஒரு கண்ணாடியைத் தனியாகத் தூக்க முயன்று, முடியாமல், “தங்கச்சி, அந்த மூலயப் புடி!” என்று மௌரீனைப் பார்த்துக் கத்தினார். மௌரீன் வேறு மூலையைப் பிடித்தார். மெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மௌரீனிடமிருந்து கண்ணாடியை வாங்கிச் சரியான மூலையைப் பிடித்தாள். அத்தானிடம் என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அத்தான் தலையாட்டினார்.

அப்போது பள்ளிப் பேருந்து வந்து திருப்பத்தில் நின்றது. அன்று சனிக்கிழமை, ஏதோ விளையாட்டுப் போட்டி முடிந்து வருகிறார்கள். நாலைந்து பிள்ளைகள் இறங்கினார்கள். அத்தான் சத்தமாக, “ஏளா மெர்லினு, மெதுவா, மெதுவா, இங்கன தூக்கு!” என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது.

மெர்லினின் காது சிவந்தது எனக்கு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. ஆனால் அவள் ஓடவில்லை. கையை விட்டால் கண்ணாடி உடைந்துவிடும் என்பதாலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.